கைத்தொலைபேசி வரைபடம் மட்டும் கடலுக்குப் போதுமா?

கேள்வி: "செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். நண்பர்கள் சேர்ந்து 15 குதிரைத்திறன் எஞ்சினுடன் பழைய ஃபைபர் படகு வாங்கியிருக்கிறோம். கோலசிலாங்கூர் முகத்துவாரத்துக்கு வெளியே தூண்டில் போட ஆசை. கைத்தொலைபேசியில் வரைபடம் இருக்கிறது. வேறு என்ன கற்க வேண்டும்?" - புக்கிட் ரோத்தான் வாசகர்

பதில்: முதலில் நீரேற்ற அட்டவணையை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தையும் மட்டத்தையும் காட்டும் பட்டியலை, படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் கரையில் வழி தவறுவதைவிடச் சேற்றில் தட்டி நிற்பதே சுலபம். படகு எங்கே இருக்கிறது என்று தொலைபேசி சொல்லும். இந்த நேரத்தில் அடியில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்லாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வானத்தைக் கண்ணாடிபோல் காட்டும் 'ஸ்கை மிரர்' பார்க்க வருபவர்கள் நின்று படமெடுக்கும் மணல்திட்டு, மற்ற நேரங்களில் கடலுக்கடியில்தான் கிடக்கிறது.

ஒரு கணக்கு. காலை 6 மணிக்கு நீர்மட்டம் 4.2 மீட்டர், நண்பகலில் 0.6 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 3.6. அதைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒரு பங்கு 0.3. ஆறு மணி நேரத்தில் தண்ணீர் முறையே 1, 2, 3, 3, 2, 1 பங்காக இறங்கும். 9 மணிக்கு மட்டம் 2.4, 10 மணிக்கு 1.5. கடல் வரைபடத்தில் அடிக்கோடிட்ட எண், நீர் வற்றும்போது வெளியே தெரியும் திட்டின் உயரம். அது 1 மீட்டர் என்றால், 9 மணிக்குத் திட்டின் மேல் 1.4 மீட்டர் தண்ணீர் இருக்கும். 10 மணிக்கு அரை மீட்டர்தான். அப்போது எஞ்சின் சேற்றை உறிஞ்சும். பக்கவாட்டில் பீச்சும் குளிர்விப்பு நீர் நின்றுபோனால் உடனே எஞ்சினை அணைத்துவிடுங்கள். 9 மணிக்குள் திரும்ப முடியாவிட்டால் நங்கூரமிட்டு, நீர் மறுபடி ஏறும் மாலை 3 மணிவரை வெளியிலேயே காத்திருங்கள். இது தோராயக் கணக்கு. மழையும் காற்றும் மாற்றிவிடும், கொஞ்சம் தாராளமாகவே விட்டுவையுங்கள்.

படகை இறக்குமுன் ஒருநாள், நீர் வற்றும் நேரத்தில் கோலசிலாங்கூரில் உள்ள புக்கிட் மெலாவத்தி குன்றில் ஏறிப் பாருங்கள். சேறு எதுவரை நீண்டிருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். அங்குள்ள 1907ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கமே உங்களுக்கு நல்ல அடையாளம். திசைகாட்டியில் அது 90 பாகையில் தெரிந்தால் நீங்கள் அதற்கு நேர் மேற்கே இருக்கிறீர்கள். இன்னோர் அடையாளத்தையும் அப்படியே பார்த்து, இரண்டு கோடுகளும் வரைபடத்தில் வெட்டும் இடத்தைக் குறியுங்கள். தொலைபேசியைத் திசைகாட்டியின் அருகில் வைக்காதீர்கள், முள் விலகும்.

படகு செல்லும் வழியின் ஓரங்களைக் காட்டும் சிவப்பு, பச்சை மிதவைகளைப் பற்றி யூடியூபில் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும். அமெரிக்கக் காணொளிகள் சொல்வதற்கு நேர் எதிர் முறை நம்முடையது: கடலிலிருந்து உள்ளே வரும்போது சிவப்பு இடப்பக்கம், பச்சை வலப்பக்கம்.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ரா பக்கமிருந்து வரும் புயல்மழை பெரும்பாலும் விடிகாலையில்தான் அடிக்கும். தூண்டில்காரர்கள் கிளம்பும் அதே நேரம். மேற்கே கருமேக வரிசை எழுந்தால் மீனை மறந்துவிட்டுத் திரும்புங்கள்.

உயிர்காப்பு அங்கியை இருக்கைக்கு அடியில் திணிக்காமல் உடலில் அணியுங்கள். எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிறு ஓட்டுபவரின் உடலோடு மாட்டியிருக்கட்டும். வி.எச்.எஃப். வானொலி இருந்தால் ஆபத்துக்கு 16ஆம் சேனல். தொலைபேசி எடுக்கும் தூரத்தில் 999. திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லும்போது, நீரேற்றத்துக்குக் காத்திருக்க நேரலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.