தேதி வரும்வரை முழங்காலை என்ன செய்வது?

கேள்வி: இறகுப்பந்து ஆடும்போது காலை ஊன்றியபடியே உடம்பைத் திருப்பியதில் வலது முழங்காலில் 'டப்' என்று சத்தம் கேட்டது. இரண்டு மணி நேரத்துக்குள் மூட்டு வீங்கிவிட்டது. ஏ.சி.எல். ஜவ்வு முழுவதும் கிழிந்திருப்பதாக எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காட்டியது. அறுவை சிகிச்சைக்கு ஏழு வாரம் கழித்துத்தான் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதுவரை காலை அசைக்கவே கூடாது என்று வீட்டில் சொல்கிறார்கள். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்தால் எனக்கும் சுகமாக இருக்கிறது. நாள் தள்ளிப்போவதால் காயம் மோசமாகிவிடுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி (34)

பதில்: முதலில் அந்தத் தலையணையை எடுத்துவிடுங்கள். மூட்டுக்குள் நீர் கோத்திருக்கும்போது, சற்று மடங்கிய நிலையில்தான் உள்ளே அழுத்தம் குறைவாக இருக்கும் என்பதால் அது சுகமாகத் தெரிகிறது. ஆனால் இரவெல்லாம் மடங்கியே கிடக்கும் முழங்கால் சில வாரங்களில் முழுவதும் நீள மறுக்கத் தொடங்கும். விறைப்போடு அறுவை அரங்குக்குள் போன மூட்டு, பின்னர் மாதக்கணக்கில் விறைப்போடு போராடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். காலை உயர்த்தி வைக்க வேண்டுமானால் கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கும் முட்டுக் கொடுங்கள். முழங்காலின் அடிப்பகுதி வெறுமையாக இருக்கட்டும்.

தேதி தள்ளிப்போனதை நினைத்துக் கலங்க வேண்டியதில்லை. வீக்கமும் சூடும் அடங்காத மூட்டில் அவசரப்பட்டு அறுவை செய்தால் உள்ளே தழும்புத் திசு வளர்ந்து அசைவு முடங்கும் வாய்ப்பு கூடும் என்பதால், பல மருத்துவர்கள் வேண்டுமென்றே சில வாரங்கள் விடுகிறார்கள்.

பேச்சு வழக்கில் 'ஜவ்வு' என்று ஒரே சொல்லால் குறிப்பிடப்படுபவை முழங்காலில் இரண்டு வேறு பொருள்கள். இந்தக் குழப்பத்தால்தான் பாதிப் பயம் வருகிறது. உங்களுக்கு அறுந்திருப்பது ஏ.சி.எல்., அதாவது தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைத்து, கீழ் எலும்பு முன்னோக்கி நழுவாமலும் திருகாமலும் பிடித்துக்கொள்ளும் கயிறு போன்ற தசைநார். மற்றொன்று, இரு எலும்புகளுக்கும் நடுவே பிறை வடிவில் அமைந்திருக்கும் மெனிஸ்கஸ் என்ற மெத்தை. முழுவதும் அறுந்த கயிறு இனி மேலும் அறுவதற்கில்லை. ஆனால் பிடிமானம் இல்லாத முழங்கால் ஒவ்வொரு முறை மடக்கென்று நழுவும்போதும் அந்த மெத்தை நசுங்கிக் கிழியக்கூடும். எனவே இந்த ஏழு வாரத்தில் அஞ்ச வேண்டியது அசைவுக்கு அல்ல, நழுவலுக்கு. ஊன்றிய காலின் மேல் திரும்புவது, குதிப்பது, ஈரத் தரையில் விரைந்து நடப்பது ஆகியவற்றைத் தவிருங்கள். திரும்ப வேண்டுமானால் சிறு சிறு அடிகளாக எடுத்து வைத்துத் திரும்புங்கள்.

நழுவலைத் தடுக்கும் வேலை இப்போது தொடைத் தசையிடம் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், மூட்டு வீங்கினால் நரம்பு வழியாகவே அந்தத் தசை அணைக்கப்பட்டுவிடும். சோம்பலால் வருவதல்ல அது. காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலின் கீழே உள்ளங்கையைச் செருகி, அதை முழங்காலால் அழுத்திப் பாருங்கள். நல்ல காலில் முழங்கால் சில்லுக்கு மேல் உட்புறமாக ஒரு கண்ணீர்த்துளி வடிவில் தசை திரண்டு எழும். அடிபட்ட காலில் அந்த இடம் தட்டையாகவே கிடக்கும், கையும் அழுந்தாது. அந்தத் துளி மறுபடி எழும்பும் வரை, 5 நொடி அழுத்தி விடுவதைப் பத்துப் பத்து முறையாக நாளில் பலதடவை செய்யுங்கள். குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முழங்கால் தன் எடையாலேயே நீள விடுவதும், படுத்தபடி குதிகாலை மெல்ல இழுத்து மடக்குவதும் இதனுடன் சேரட்டும். காலை நேராக உயர்த்தும் பயிற்சியை, முழங்கால் தொய்யாமல் உயர்த்த முடிந்த பிறகு தொடங்கினால் போதும். மடக்கம் ஓரளவு திரும்பியபின் நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள் மிக நல்லது. துணி சுற்றிய பனிக்கட்டி ஒத்தடம் 15 முதல் 20 நிமிடம் வரை போதுமானது. மறுநாள் காலை வீக்கம் கூடியிருந்தால் முந்தைய நாள் செய்தது அதிகம் என்று பொருள். அளவைப் பாதியாகக் குறையுங்கள். மெனிஸ்கஸும் கிழிந்திருந்தால் எவ்வளவு எடை ஊன்றலாம், எவ்வளவு மடக்கலாம் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: கால்பந்து ஆடும் என் மகனுக்கு (19) இதே காயம். ஆறு வாரத்தில் வலியே இல்லை, சாதாரணமாக நடக்கிறான். அறுவை வேண்டாம், ஆடப் போகிறேன் என்கிறான்.
– ஒரு தந்தை

பதில்: அவர் சொல்வதில் முதல் பாதி விவாதத்துக்குரியது, இரண்டாம் பாதி ஆபத்தானது. சுவீடனில் விளையாட்டில் ஈடுபாடுள்ள 121 இளைஞர்களிடம் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், உடனே அறுவை செய்துகொண்டவர்களுக்கும், முறையான பயிற்சியில் தொடங்கித் தேவைப்பட்டால் மட்டும் அறுவைக்குப் போனவர்களுக்கும் இரண்டாண்டு முடிவில் அவர்களே மதிப்பிட்ட முழங்கால் நலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இரண்டாம் குழுவிலிருந்த 59 பேரில் 23 பேர் அதற்குள் அறுவை செய்துகொண்டிருந்தார்கள். ஆகவே அறுவை எல்லோருக்கும் கட்டாயமில்லை. ஆனால் அங்கே 'அறுவை வேண்டாம்' என்பதற்குப் பொருள், மேற்பார்வையோடு மாதக்கணக்கில் பயிற்சி என்பதே. ஆறாம் வாரத்தில் பந்தை உதைப்பது அல்ல. நேராக நடக்க ஏ.சி.எல். பெரிதாகத் தேவைப்படுவதில்லை, ஓடிக்கொண்டே சட்டென்று திசை மாற்றும்போதுதான் அது இல்லாதது தெரியவரும். கால்பந்தோ அப்படித் திரும்பித் திரும்பி ஆடும் ஆட்டம். அவர் ஆடியே தீர வேண்டுமென்றால் அறுவையைப் பற்றி மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசட்டும். செய்துகொண்டாலும் களத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது ஆகும் என்பதை இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஒற்றை ஊன்றுகோலை எந்தக் கையில் பிடிப்பது? எந்த அறிகுறிக்கு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்?

பதில்: அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஊன்றுகோலும் அடிபட்ட காலும் முதலில். முழங்கால் பூட்டிக்கொண்டு நீட்டவே முடியாமல் போனால் கிழிந்த மெனிஸ்கஸ் நடுவில் சிக்கியிருக்கலாம். அறுவைத் தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள். கெண்டைக்கால் வலியோடு வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ இரத்தக்கட்டு காரணமாக இருக்கக்கூடும் என்பதால் அன்றைக்கே, நேரம் பார்க்காமல், அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.