வெனிஸைக் குறைந்த செலவில் பார்க்க மெஸ்த்ரேயில் தங்கலாமா?

வெனிஸ் தீவுக்குள் அறை வாடகை கட்டுப்படியாகவில்லை, வெளியே தங்கினால் பயணம் கெட்டுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கெடாது, ஆனால் எங்கே தங்குகிறீர்கள் என்பது முக்கியம்.

என் பரிந்துரை, வெனிஸைச் சூழ்ந்த கடற்கழிக்கு இக்கரையில், நிலப்பகுதியில் உள்ள மெஸ்த்ரே. அங்கிருந்து ரயிலில் ஏறினால், இருபுறமும் நீர் விரிந்து கிடக்கும் நீண்ட பாலத்தைக் கடந்து, பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் வெனிஸ் தீவிலுள்ள சாந்தா லூசியா நிலையத்தை அடையலாம். நிலையத்தின் படிகளில் இறங்கும்போதே பெருங்கால்வாய் எதிரில் நிற்கும். அறையை ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில் எடுங்கள். இல்லையென்றால் மிச்சம் பிடித்த நேரமும் பணமும் பேருந்துக்கே போய்விடும். காகிதப் பயணச்சீட்டாக இருந்தால், ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை பதிக்க மறவாதீர்கள். தவறினால் அபராதம் விதிப்பார்கள்.

பலர் கவனிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். 2024 முதல் குறிப்பிட்ட சில நாட்களில், பகலில் வந்து திரும்பும் பயணிகளிடம் வெனிஸ் நுழைவுக் கட்டணம் வசூலிக்கிறது. மெஸ்த்ரே வெனிஸ் மாநகராட்சிக்கு உட்பட்டது என்பதால், அங்குள்ள விடுதிகளில் தங்குவோருக்கு விலக்கு உண்டு, அதை இணையத்தில் முன்பே பதிவு செய்துகொள்ள வேண்டும். ரயிலில் அரை மணி நேரத் தொலைவிலுள்ள பதுவா நகரில் தங்கும் சுற்றுலாப் பயணிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது.

கூட்டம் சேர்வதற்குள், காலை எட்டு மணிக்கு முன்பே வெனிஸின் முதன்மைச் சதுக்கமான சான் மார்க்கோவை அடைந்துவிடுங்கள்.