நாலு மணிக்கு வேண்டாம், ஆறு மணிக்கே போடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 62. அலுவலக வேலையிலிருந்து ஓய்வுபெற்றவன். கிழக்குத் தாம்பரத்தில் சொந்த வீடு. மனைவிக்கு முழங்கால் வலி வந்து குனியவும் குந்தவும் முடியாமல் போனதிலிருந்து வாசல் கோலம் என் வேலையாகிவிட்டது. ஆரம்பத்தில் கடமைக்கு நாலு கோடு இழுத்தேன். இப்போது சிக்குக் கோலம் வரை வந்துவிட்டேன், போடும்போது மனசு அதிலேயே ஒன்றிப்போகிறது. இத்தனை வருடம் தெருவில் யாரோடும் பேசிப் பழக்கமில்லை. இப்போது போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று ஏதாவது சொல்கிறார்கள். எதிர்வீட்டு அம்மா, “என்ன சார், இன்னைக்கும் உங்க டியூட்டிதானா?” என்று சிரிக்கிறார். “சம்பந்தி வீட்டுக்காரங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?” என்கிறான் மகன். மனைவி ஒன்றும் சொல்வதில்லை. யாரும் எழுவதற்குள் நாலு மணிக்கே போட்டு முடித்துவிடலாமா? இல்லை, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் விட்டுவிட்டு வேறு பொழுதுபோக்கு தேடிக்கொள்ளலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

சார், ஒளிந்து போடுவதாக இருந்தால் போடாமலே இருக்கலாம். தெரு பார்க்கத்தானே கோலமே போடுகிறோம்? துக்கம் நடந்த வீட்டில் கோலம் இருக்காது. எட்டு மணி ஆகியும் ஒரு வாசல் வெறுமையாகக் கிடந்தால், “என்ன, உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று பக்கத்து வீட்டில் எட்டிப் பார்ப்பார்கள். இந்த வீட்டில் இன்றைக்கு எல்லாம் வழக்கம்போல் நடக்கிறது என்று தெருவுக்குப் போகும் சேதிதான் கோலம். அதைத் தெரு தூங்கும்போது எழுதி வைப்பானேன்? ஆறு மணிக்கு, பால்காரர் வந்து போகும் நேரத்தில், நிதானமாகப் போடுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரியை நீங்கள் குறை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். போகிறவர் வருகிறவர் நின்று பேசுகிறார்களாம்! ஓய்வுபெற்ற பிறகு பேச ஆளில்லை என்றுதான் இந்தப் பகுதிக்கு வாராவாரம் கடிதம் வருகிறது. உங்களுக்கு ஒரு பிடி மாவில் தெருவே பழக்கமாகிக்கொண்டிருக்கிறது. கேலியாகத் தொடங்கினால் என்ன? நம் ஊரில் பாதி சிநேகம் அப்படித்தானே தொடங்குகிறது.

எதிர்வீட்டு அம்மா விஷயத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். அடுத்த முறை அவர் சிரித்தால் நீங்களும் சிரித்துவிட்டு, “அம்மா, இந்த மூலையில கோடு திரும்ப மாட்டேங்குது, எப்படி வளைக்கணும்?” என்று கேளுங்கள். சாக்குக்காகக் கேட்கச் சொல்லவில்லை. சிக்குக் கோலத்தில் மூலைதான் எல்லோரையும் மாட்டிவிடும் இடம். புள்ளியைத் தொடாமல் சுற்றி வரவேண்டும், எந்தப் புள்ளியும் வெளியே தங்கக்கூடாது, புறப்பட்ட இடத்துக்கே கோடு வந்து சேரவேண்டும். நடுவில் சரியாக வந்துவிட்டு ஓரத்தில் ஒரு வளைவு தப்பினால் எங்கே தப்பியது என்று போட்டவருக்கே தெரியாது, நின்று பார்ப்பவர் கண்ணில் சட்டென்று படும். நாற்பது வருடம் கோலம் போட்டவரிடம் இதுவரை ஒரு ஆண் வந்து பாடம் கேட்டிருக்க மாட்டார். அந்த டியூட்டி கிண்டல் அதற்கப்புறம் நிற்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். கூடவே ஒரு புதுக் கோலமும் வரும், அவ்வளவுதான்.

ஆண் கோலம் போடலாமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்விதான் இருக்கிறது. ஹோமம் நடக்கும் வீட்டில் வண்ணப் பொடியால் பத்மம் என்ற தாமரைக் கோலம் போடுகிறவர் யார்? ஹோமம் செய்து வைக்கும் புரோகிதர்தானே. கேரளத்தில் களமெழுத்து என்று ஒன்று உண்டு. அரிசி மாவு, மஞ்சள், உமிக்கரி, இலைப்பொடி, மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்பு என்று ஐந்து நிறத்தில் தரை நிறைய அம்மன் உருவத்தை எழுதுவார்கள். பரம்பரையாக அதைச் செய்து வருகிறவர்கள் ஆண்கள். வழிபாடு முடிந்ததும் அழித்தும் விடுவார்கள். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் ஜனவரியில் கோலப் போட்டி நடக்கும். ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஆண்களும் மாவுக் கிண்ணத்தோடு உட்கார்ந்ததுண்டு.

உங்கள் ஊர்ச் சங்கதி ஒன்றும் சொல்கிறேன், மகனிடம் சொல்லலாம். கிழக்குத் தாம்பரத்தில் இருக்கிற சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி என்று இரண்டு பேராசிரியர்கள் இருந்தார்கள், கணவன் மனைவி. கமலா கிருதிவாசன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து அவர்கள் 1974இல் கோலத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல் கோலத்துக்கும் இலக்கணம் எழுத முடியும், சில விதிகளைக் கொடுத்தால் சின்னக் கோலத்திலிருந்து பெரிய கோலம் தானாக விரியும் என்று காட்டிய கட்டுரை அது. கணினி அறிவியல்காரர்கள் இன்றும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். சம்பந்தி வீட்டில் யாராவது கேட்டால் இதைச் சொல்லச் சொல்லுங்கள். கேட்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். மகனோடு இதற்காக வாதாட வேண்டாம், நாளாக நாளாக அவருக்கும் பழகிவிடும்.

எனக்கு உறுத்துவது வேறு இடம். “மனைவி ஒன்றும் சொல்வதில்லை” என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். கல்யாணமான நாள் முதல் அந்த வாசல் அவருடையது. வலியால் அதை விட்டுக்கொடுத்திருக்கிறார். இப்போது தெருவில் பேச்செல்லாம் சாருடைய கோலத்தைப் பற்றி. அவருக்கு அது சந்தோஷமாகவும் இருக்கலாம், உள்ளே ஏதோ ஒன்று சுருக்கென்று குத்தவும் செய்யலாம். நீங்கள்தான் கேட்கவேண்டும், எனக்கு எழுதுவதற்கு முன்பே கேட்டிருக்கவும் வேண்டும்.

கேட்பதோடு நிறுத்தாதீர்கள். பீரோவில் அவருடைய பழைய கோல நோட்டு கட்டாயம் இருக்கும். பத்திரிகையில் வெட்டி ஒட்டியதும், பேனாவால் வரைந்து “15-8 ஊடுபுள்ளி” என்று ஓரத்தில் புள்ளிக் கணக்கைக் குறித்ததுமாக. அதை எடுத்துத் தரச் சொல்லுங்கள். நாளைக்கு எந்தக் கோலம் என்று முந்தின இரவே அவர் முடிவு செய்யட்டும். காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்காரட்டும், தப்பினால் சொல்லட்டும். முழங்கால்தான் வலிக்கிறது, விரல்கள் நன்றாகத்தானே இருக்கின்றன? மரப்பலகையை மேசைமேல் வைத்துக் கொடுத்தால் உட்கார்ந்தபடியே மாக்கோலம் போடலாம். பச்சரிசியை ஊறவைத்து நைசாக அரைத்துக் கரைத்து, சின்னத் துணியை அதில் முக்கிக் கையில் பிடித்தால் மோதிர விரல் வழியாக மாவு இழையாக இறங்கும். வெள்ளிக்கிழமை சுவாமி முன்னால் அந்தப் பலகை இருக்கட்டும். இழைக் கோலம் அவருக்கு, புள்ளிக் கோலம் உங்களுக்கு.

இனி உங்களுக்கு வேண்டிய சில்லறை விஷயங்கள். கடையில் வாங்கும் கோலப்பொடி கல்மாவு. அதோடு கொஞ்சம் கொரகொரப்பான அரிசி மாவைக் கலந்துகொண்டால் எறும்புக்கும் ஏதாவது கிடைக்கும். தண்ணீர் தெளித்த உடனே போடாதீர்கள், கோடு கரைந்து பரவும். ஈரம் பாதி இழுத்த பிறகு போட்டால் நிற்கும். வாசலில் டைல்ஸ் என்றால் பொடி வழுக்கும், அங்கேயும் மாக்கோலம்தான் சரி. கொஞ்ச நாளைக்கு நேர்ப்புள்ளி 7-1 போதும்: ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, அப்புறம் அதே கணக்கில் இறங்கி ஒன்று. மொத்தம் இருபத்தைந்து புள்ளி. அதற்குள்ளேயே எத்தனையோ சிக்கு போடலாம். உருட்டுகிற அச்சு, சல்லடை அச்சு எதுவும் வாங்காதீர்கள். சிக்கு வரை வந்தவருக்கு அது அவமானம்!

வேலைக்கு வரும் பெண்ணிடம் விட்டுவிடுவது பற்றி: உங்களுக்குக் காய்ச்சல் வந்த நாளில் விடலாம். வேறு பொழுதுபோக்கும் வேண்டுமென்றால் தேடிக்கொள்ளுங்கள், பகல் முழுக்க நேரம் இருக்கிறதே.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று, இடுப்பு. பெண்கள் இடுப்பை வளைத்து நின்றபடியே போடுவதைப் பார்த்து அப்படியே செய்யப் போகாதீர்கள். அது சின்ன வயதிலிருந்து பழகிய உடம்பு. உயரம் குறைந்த முக்காலி ஒன்றை வைத்துக்கொண்டு, கை எட்டும் அளவுக்குப் போட்டுவிட்டு நகர்ந்து உட்காருங்கள். மார்கழியில் வீதியை அடைத்துப் போட ஆசை வரும். எதிர்வீட்டு அம்மாவையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், தனியாக வேண்டாம்.