நுரைதான் வருகிறது, டி.என்.ஏ. வரவில்லை! – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் எல்லாம் இருக்கும்போது மூலக்கூறு உயிரியல் என்று தனியாக ஒரு பாடம் எதற்கு? – கல்லூரி மாணவி, ஊட்டி

பதில்: உங்கள் மாவட்டத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் சோகை இருப்பது 1952-ல் பதிவானது. இந்தியாவில் அந்த நோய்க்கு அதுதான் தொடக்ககாலப் பதிவு. ஆக்ஸிஜன் குறையும்போது நோயாளியின் சிவப்பணுக்கள் வட்டத் தட்டாக இல்லாமல் அரிவாள் போல வளைந்துவிடும். மைக்ராஸ்கோப்பில் அது தெரியும். ஆனால் ஏன் வளைகிறது, உள்ளே எந்தப் பொருள் வளைக்கிறது? இப்படிக் கேட்டுவிட்டால் மூலக்கூறு உயிரியலுக்குள் வந்துவிட்டீர்கள்.

நோயாளியின் ஹீமோகுளோபின் (சிவப்பணுவுக்குள் ஆக்ஸிஜனைச் சுமக்கும் புரதம்) மின்புலத்தில் வேறு மாதிரி நகர்கிறது என்று 1949-ல் லைனஸ் பாலிங் குழு காட்டியது. 1956-ல் வெர்னான் இங்ராம் அந்த ஹீமோகுளோபினை டிரிப்சின் என்ற என்சைமால் துண்டு துண்டாக வெட்டி வடிதாளில் பரப்பினார். சுமார் முப்பது புள்ளிகளில் ஒன்றே ஒன்றுதான் இடம் மாறியிருந்தது. ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா சங்கிலியில், புரதத்தின் கட்டுக்கற்களான அமினோ அமிலங்கள் 146 உண்டு. அதில் ஆறாவதாகக் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் உட்கார்ந்திருக்கிறது. டி.என்.ஏ.வில் ஜி-ஏ-ஜி என்று இருக்க வேண்டியது ஜி-டி-ஜி ஆனதுதான் காரணம். ஓர் எழுத்துப் பிழை, அவ்வளவே.

குளுட்டாமிக் அமிலம் தண்ணீரோடு ஒத்துப்போகும், வாலினுக்குத் தண்ணீர் ஆகாது. ஆக்ஸிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினில் இந்த வாலின், பக்கத்து ஹீமோகுளோபினில் உள்ள குழியில் போய் ஒட்டிக்கொள்கிறது. அது அடுத்ததோடு ஒட்ட, கோத்துக் கோத்து நாராகிவிடும். அந்த நார்தான் அணுவை வளைக்கிறது. 120 நாள் ஓட வேண்டிய சிவப்பணு 10, 20 நாளில் சிதைந்துபோகிறது.

இதில் நடைமுறைப் பயன் உண்டு. இந்த ஹீமோகுளோபின் கரையாமல் கலங்குகிறதா என்று பார்க்கும் கரைதிறன் சோதனை விலை குறைவு, சட்டென்று முடியும். ஆனால் நோய் உள்ளவருக்கும், பிழையான ஜீனின் ஒரு பிரதியை மட்டும் சுமப்பவருக்கும் அது பாசிட்டிவ்தான் காட்டும். இருவரையும் பிரித்துச் சொல்ல எலக்ட்ரோஃபோரசிஸ் (மின்புலத்தில் நகரவிட்டுப் பிரிப்பது) போன்ற அடுத்த சோதனை வேண்டும். பெற்றோர் இருவருமே சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு.

2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த, டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும் கிறிஸ்பர் சிகிச்சை அந்தப் பிழையெழுத்தைத் திருத்துவதே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. கருவில் இருக்கும்போது நமக்கு வேறு ஒரு ஹீமோகுளோபின் உண்டு. பிறந்தபின் அதை அடக்கி வைக்கும் ஜீனின் ஸ்விட்சைத்தான் அந்தச் சிகிச்சை வெட்டுகிறது. பழைய ஹீமோகுளோபின் மீண்டும் சுரந்து நிலைமையைச் சமாளிக்கிறது. எந்த மூலக்கூறு என்ன செய்கிறது என்று தெரியாமல் இந்தக் குறுக்கு வழி யாருக்கும் தோன்றியிருக்காது.

கேள்வி: அறிவியல் மன்றத்தில் வெங்காயத்தை மிக்ஸியில் அரைத்து, பாத்திரம் கழுவும் திரவம் விட்டு மறுபடி அடித்து, வடிகட்டி, மேலே ஹேண்ட் சானிடைசர் ஊற்றினோம். நுரைதான் வருகிறது, டி.என்.ஏ. வரவில்லை! – ஆசிரியை, தேனி

பதில்: நீங்கள் எழுதியதிலேயே மூன்று தவறு தெரிகிறது. சோப்பு விட்டபின் மிக்ஸியை நன்றாக ஓட்டியது, உப்பு சேர்க்காதது, சானிடைசர்.

இப்படிச் செய்து பாருங்கள். 100 மி.லி. தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு (சுமார் 3 கிராம்), 2 டீஸ்பூன் பாத்திரத் திரவம். நுரைக்காமல் மெல்லக் கலக்குங்கள். 50 கிராம் வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி அதில் போட்டு, கிண்ணத்தை 60 டிகிரி வெந்நீரில் 15 நிமிடம் வையுங்கள். சோப்பு கொழுப்பாலான செல் சவ்வைக் கரைக்கும். சூடு, டி.என்.ஏ.வை அறுக்கும் என்சைம்களை மந்தமாக்கும். அதற்கு மேல் விட்டால் டி.என்.ஏ.வே கெட ஆரம்பிக்கும். உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்றி 5 நிமிடம். இப்போது வேண்டுமானால் மிக்ஸியில் ஐந்தே விநாடி. அதிகம் ஓட்டினால் நீள நூல் பொடியாகி, சுற்றி எடுக்க ஒன்றும் மிஞ்சாது. நான்காக மடித்த வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். பிழிய வேண்டாம்.

ஆல்கஹாலில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். டி.என்.ஏ.வின் பாஸ்பேட்டுகளுக்கு எதிர்மின்னூட்டம். உப்பின் சோடியம் அதைச் சமன் செய்கிறது. ஆல்கஹால் தண்ணீரின் பிடியைத் தளர்த்துகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் டி.என்.ஏ. வெளியே வந்து விழும். சானிடைசர் ஒரு கூழ். போதாததற்குக் கிட்டத்தட்ட 70 சதவீதம்தான் ஆல்கஹால். சம அளவு வடிநீரில் கலந்தால் 35-க்கு இறங்கிவிடும். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்கி, உப்பு தூவிய ஐஸ்கட்டிகளுக்குள் ஒரு மணி நேரம் வையுங்கள். அடுப்போ தீக்குச்சியோ பக்கத்தில் கூடாது. 10 மி.லி. வடிநீர் உள்ள சோதனைக்குழாயைச் சாய்த்து, சுவரோடு 10 மி.லி. ஆல்கஹாலை வழியவிடுங்கள். எத்தனால் என்றால் இரண்டு மடங்கு வேண்டும். குலுக்க வேண்டாம். ஐந்து, பத்து நிமிடத்தில் இரண்டு திரவமும் சந்திக்கும் இடத்தில் குமிழோடு வெண்ணூல் எழும்பும். கண்ணாடிக் குச்சியில் சுற்றி எடுக்கலாம்.

பிள்ளைகளிடம் 'இதுதான் சுத்த டி.என்.ஏ.' என்று மட்டும் சொல்லாதீர்கள். பெக்டினும் (செல்சுவரில் உள்ள பசை போன்ற பொருள்) புரதமும் அதில் கலந்திருக்கும். இரட்டைச் சுருளும் தெரியாது. அதன் அகலம் 2 நானோமீட்டர். வேண்டுமானால் இதைச் சொல்லுங்கள்: வெங்காயத்தின் ஜீனோம் (ஒரு செல்லில் உள்ள முழு டி.என்.ஏ. தொகுப்பு) மனிதனுடையதைப் போல ஐந்து மடங்கு பெரியது. ஏன் என்று அவர்கள் கேட்டால், பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் தொடர்கள்.

கேள்வி: 'பி.சி.ஆர். நெகட்டிவ்' சான்றோடு இறால் குஞ்சு வாங்கி விட்டேன். நாற்பதாம் நாள் வெள்ளைப்புள்ளி வைரஸ் நோய். சோதனையே பொய்யா? – இறால் பண்ணையாளர், வேதாரண்யம்

பதில்: பொய் என்று உடனே சொல்லிவிட முடியாது. பி.சி.ஆர். என்பது டி.என்.ஏ.வைப் பிரதி எடுத்துப் பெருக்கிப் பார்க்கும் சோதனை. குழாய்க்குள் போனதைப் பற்றி மட்டுமே அது பேசும்.

95 டிகிரியில் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் பிரியும். 55-60 டிகிரியில் வைரஸுக்கே உரிய பிரைமர்கள் (பிரதியைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்) ஒட்டும். 72 டிகிரியில் என்சைம் பிரதி எடுக்கும். ஒரு சுற்றுக்கு இரண்டு மடங்கு. 30 சுற்றில் ஒன்று கணக்குப்படி 107 கோடி. ஆனால் அந்த ஒன்று குழாயில் இருக்க வேண்டுமே! நூறில் இரண்டு குஞ்சுக்கு நோய் என்று வையுங்கள். 30 குஞ்சு எடுத்துச் சோதித்தால், நோயுள்ள ஒன்றுகூடச் சிக்காமல் போக 55 சதவீத வாய்ப்பு. 150 எடுத்தால் அது 5 சதவீதமாகக் குறையும். சான்றில் எத்தனை குஞ்சு என்று இருந்ததா?

அடுத்து, இறாலின் கண்ணில் உள்ள பொருள்கள் பி.சி.ஆரைத் தடுக்கும், கண்ணை நீக்காமல் அரைத்தால் நோயிருந்தும் நெகட்டிவ் வரும். மாதிரியை 95 சதவீத ஆல்கஹாலில் போட வேண்டும், ஃபார்மலினில் அல்ல. லேசான தொற்றைப் பிடிக்க இரண்டு கட்டமாக ஓட்டும் நெஸ்டட் பி.சி.ஆர். மேல். அறிக்கையில், வைரஸ் டி.என்.ஏ. இருப்பது உறுதியான மாதிரி வைத்த பாசிட்டிவ் கன்ட்ரோலும், வெறும் தண்ணீர் வைத்த நெகட்டிவ் கன்ட்ரோலும் இருக்கிறதா என்று கேளுங்கள். முன்னது இல்லாவிட்டால் நெகட்டிவை நம்ப முடியாது, பின்னது இல்லாவிட்டால் பாசிட்டிவை.

இதெல்லாம் சரியாக இருந்தும், குஞ்சு விட்டபின் நண்டு வழியாகவோ வாய்க்கால் தண்ணீரிலோ வைரஸ் வந்திருக்கலாம். நாற்பதாம் நாள் என்பதால் அந்தச் சந்தேகம்தான் வலுக்கிறது. நண்டு வேலி போட்டிருந்தீர்களா?

கேள்வி: டி.என்.ஏ.வைக் கண்டுபிடித்தவர்கள் வாட்சன், கிரிக் தானே? – மாணவர், திருச்சி

பதில்: இல்லை. 1869-ல் ஜெர்மனியின் டியூபிங்கனில் ஃப்ரீட்ரிக் மீஷர், மருத்துவமனைக் கட்டுத்துணிகளில் இருந்த சீழிலிருந்து அதைப் பிரித்தெடுத்து 'நியூக்ளின்' என்று பெயரிட்டார். 1953-ல் வாட்சனும் கிரிக்கும் சொன்னது அதன் வடிவத்தை. அதற்கும் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ஆய்வகத்து எக்ஸ்-ரே படம் கைகொடுத்தது. வினாடி வினாவில் இதைச் சொன்னால் மதிப்பெண் தருவார்களா என்பது வேறு விஷயம்.