பழைய ஸ்போர்ட்ஸ் கார்: வேலை முடிந்தும் தண்ணீர் இறங்குகிறது, சாவியும் கிடைக்கவில்லை

கேள்வி: துணிக் கூரை போட்ட, 22 வருடப் பழைய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரைச் சில்லறை வேலைகளுக்காக ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். மழையில் சீட்டுக்குப் பின்னால் தண்ணீர் தேங்குகிறது, ஹெட்லைட் மஞ்சளடித்துவிட்டது, ஐடிலிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்குகிறது. ஜாப் கார்டில் (செய்ய வேண்டிய வேலைகளை எழுதும் சீட்டு) இந்த மூன்றுதான். என்னைக் கேட்காமலே கூரையின் ரப்பர் பீடிங் முழுவதையும் மாற்றி, எஸ்டிமேட்டைப் போல மூன்று மடங்கு பில் போட்டிருக்கிறார்கள். நேரில் பார்த்தபோது கார்ப்பெட் இன்னும் ஈரம். முழுப் பணம் தராமல் சாவி இல்லை என்கிறார்கள். போலீஸில் புகார் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 170-வது பிரிவின்படி, ஒரு பொருளில் உழைப்போ திறமையோ செலுத்தி வேலை செய்தவர், கூலி வரும்வரை அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். அதனால் காவல் நிலையத்தில் 'சிவில் விவகாரம்' என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். ஆனால் இந்த உரிமை நீங்கள் ஒப்படைத்த வேலைக்கு மட்டும்தான். வண்டியை விற்கும் அதிகாரம் அதில் கிடையாது.

முதலில் எஸ்டிமேட் தொகையைத் தரத் தயார் என்று எழுத்தில் அனுப்புங்கள். மறுத்தால், முடிந்தவரை முழுத் தொகையையும் வங்கி வழியாகக் கட்டி வண்டியை எடுத்துவிடுவதே நல்லது. டெலிவரி சீட்டில் 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், என் உரிமைகளுக்குப் பாதகமின்றி வண்டியைப் பெறுகிறேன்' என்று கைப்பட எழுதிய பிறகே கையெழுத்து. 'திருப்தியுடன் பெற்றேன்' என்று அச்சடித்த வரி இருந்தால் அடித்துவிடுங்கள். அந்த ஒரு வரி பின்னால் உங்கள் வழக்கையே சாய்த்துவிடக்கூடும். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள். அவ்வளவு பணம் புரட்ட முடியாவிட்டால், நுகர்வோர் ஆணையத்தில் புகார் தாக்கல் செய்து, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் 38(8) பிரிவில் வண்டியை விடுவிக்க இடைக்கால உத்தரவு கேட்கலாம்.

அடுத்து, வயதால் வந்த கோளாறு எது, வேலையில் நேர்ந்த குறை எது என்று பிரிக்க வேண்டும். பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். பழைய வண்டியைப் புதிதாக்கித் தரும்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நியாயமான திறமையும் கவனமும்தான் கேட்கிறது.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். துணிக் கூரையின் கீழ் விளிம்பில் ஓடும் வாய்க்கால், பல வண்டிகளில் இருபுறமும் ஒரு துளையில் முடிந்து, வடிகுழாய் வழியாக அடியில் இறங்கும். இலையும் மண்ணும் அடைத்தால் தண்ணீர் உள்ளே வழியும். அரை லிட்டர் தண்ணீரை அந்தத் துளையில் மெதுவாக ஊற்றுங்கள். வண்டிக்கு அடியில் ஒழுகாமல் துளையிலேயே தேங்கினால் அடைப்பு இன்னும் இருக்கிறது. அப்படியானால் குறையைக் கண்டுபிடிக்காமலே பீடிங்கை மாற்றிப் பில் போட்டிருக்கிறார்கள். இது சேவைக் குறைபாடு. அடியில் வராமல் கார்ப்பெட்டுக்குள் இறங்கினால், குழாய் கழன்றோ கிழிந்தோ போயிருக்கும். கெட்டியான கம்பியால் குத்தினால் இப்படி ஆகும். இந்தச் சோதனையைத் தேதி தெரியும்படி, வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள்.

ஹெட்லைட்டை வெறுமனே தேய்த்துப் பளபளப்பாக்கி, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சைத் திரும்பப் பூசாமல் விட்டால், சில மாதங்களிலேயே மறுபடி மஞ்சளடிக்கும். அந்தப் பூச்சு பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐடிலிங் விஷயத்தில் மட்டும் நிதானம் தேவை. இத்தனை வருடமான வேக்குவம் ஹோஸ் (இன்ஜினிலுள்ள வெற்றிட ரப்பர் குழாய்) இறுகி நொறுங்கும் பதத்தில் இருக்கும். ஒன்றைக் கழற்றும்போது பக்கத்தில் இருப்பது விரிசல் விடுவதைக் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. அங்கே கூடுதல் வேலைக்கு ஒப்பந்தச் சட்டம் 70-வது பிரிவைக் காட்டி, 'பலனை அனுபவித்தீர்கள், கூலி கொடுங்கள்' என்று அவர்கள் கேட்கக்கூடும். அந்தத் தொகையில் விட்டுக்கொடுத்து, பீடிங் தொகையில் உறுதியாக நில்லுங்கள்.

பிறகு 15 நாள் அவகாசம் தந்து, பதிவு வசதியுடன் ஸ்பீடு போஸ்ட்டில் வக்கீல் நோட்டீஸ். பதில் சரியில்லையென்றால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் தரலாம். கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஜாப் கார்டு, எஸ்டிமேட், பில், வாட்ஸ்அப் செய்திகள் (சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழுடன்), வேறொரு மெக்கானிக்கின் பிரமாணப் பத்திரம் எல்லாம் இணையட்டும். 15 வருடம் தாண்டிய வண்டி என்பதால் ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) புதுப்பித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அந்த மெக்கானிக் பார்த்து எழுதித் தரும்வரை வடிகுழாயில் யாரும் கை வைக்கக் கூடாது. எழுதித் தந்த அன்றே கார்ப்பெட்டையும் அடியிலுள்ள ஃபோமையும் தூக்கிக் காயவையுங்கள். ஆதாரம் என்று நினைத்து ஈரத்தோடு விட்டால் தரைத் தகடு துருப்பிடிக்கும். தடுக்க வழியிருந்தும் தடுக்காத நஷ்டத்தை, ஒப்பந்தச் சட்டம் 73-வது பிரிவின் விளக்கத்தைக் காட்டி இழப்பீட்டிலிருந்து கழித்துவிடுவார்கள்.