மறு: ட்வைலைட், ஃபிஃப்டி ஷேட்ஸ் ஜோடிகள் – பத்து நிமிஷம் எப்படிப் பேச?

சகோ, ட்வைலைட், ஃபிஃப்டி ஷேட்ஸ் காதல் நாவல்களோட ஜோடிகளுக்குள்ள இருக்கிற ஒத்துமை பத்தி அல்சூர் வாசகர் வட்டத்துல பத்து நிமிஷம் பேசணும், 'ரெண்டு ஹீரோவும் பணக்காரன், அழகன்' என்பதைத் தாண்டி ஒண்ணும் தோணலைன்னு கேட்டிருந்தீங்க. அது எந்தக் காதல் நாவலுக்கும் பொருந்துமே! முதல்ல அந்த ஒத்துமைக்கான காரணத்தைச் சொல்லிடுங்க. 2011-ல புத்தகமாகிறதுக்கு முன்னாடி ஃபிஃப்டி ஷேட்ஸ் இணையத்துல ட்வைலைட் ரசிகர் புனைவா, அதாவது அந்தக் கதாபாத்திரங்களை வச்சு ஒரு ரசிகை எழுதின கதையா ஓடினது. அப்போ ஜோடியின் பேரே ட்வைலைட்ல இருக்கிற எட்வர்ட், பெல்லாதான்; புத்தகத்துலதான் கிறிஸ்டியன், அனா ஆனாங்க.

அடுத்து ஒரே ஒரு காட்சியை எடுத்து நிதானமா அலசுங்க. ட்வைலைட்ல, பள்ளியோட வாகன நிறுத்துமிடத்துல சறுக்கி வர்ற வேன்கிட்டயிருந்து எட்வர்ட் பெல்லாவைக் காப்பாத்துறான். ஃபிஃப்டி ஷேட்ஸ்ல, காபி குடிச்சுட்டு வெளியே வரும்போது, தப்பான திசையில வந்த சைக்கிள்காரன் இடிக்காம அனாவை கிறிஸ்டியன் தன் பக்கம் இழுத்துக்கிறான். ரெண்டும் முதல் பாகத்தோட 3-ஆம் அத்தியாயம். கிறிஸ்டியன் காப்பாத்தின கையோட, எட்வர்ட் கொஞ்ச நாள் கழிச்சு, 'என்னை விட்டுத் தள்ளியே இரு'ன்னு உபதேசம் வேற!

நாயகனோட டாக்டரான வளர்ப்புத் தாய் அல்லது தந்தை, அவன் வாசிக்கிற பியானோ, மறுமணம் செஞ்சு தொலைவுல இருக்கிற நாயகியின் அம்மா – இதெல்லாம் ஒரு வரியில போதும். கல்யாணத்துக்கு அப்புறம் எதிர்பாராத கர்ப்பம், அதைக் கேட்டு நாயகன் நிலைகுலையறது, இதுக்கு ரெண்டு நிமிஷம் ஒதுக்குங்க.

வித்தியாசத்தையும் விட்டுடாதீங்க, கேள்வி அங்கேதான் வரும். படுக்கையறை நெருக்கம்னா எட்வர்டுக்குக் கல்யாணம் முதல்ல. கிறிஸ்டியனுக்கு அந்த உறவோட விதிகளை எழுதி வச்ச ஒப்பந்தம் முதல்ல. அந்த ஒப்பந்தப் பக்கங்களை மட்டும் சபையில சத்தமா வாசிச்சுடாதீங்க.