தாடை இறுக்கத்துக்கு ஊசி மட்டும் போதுமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 62. பக்கவாதம் வந்து 5 மாதங்களாகின்றன. வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறக்கிறது. தாடையில் போட்டுலினம் ஊசி போடலாம் என்கிறார்கள். போட்டால் பழையபடி திறக்குமா? வீட்டில் நாங்களே தாடையை நீவிவிடலாமா?

பதில்: உங்கள் தந்தையின் தாடையில் இரண்டு விதமான இறுக்கம் கலந்திருக்கக்கூடும். மூளையின் கட்டுப்பாடு தளர்ந்ததால், கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் உள்ள மெல்லும் தசைகள் ஓயாமல் சுருங்கியிருப்பது ஒன்று. மாதக்கணக்கில் அசையாததால் தசை நீளம் குறைந்து மூட்டும் விறைத்துப்போவது மற்றொன்று. தசையைச் சுருங்கச் சொல்லும் வேதிப்பொருளான அசிட்டைல்கோலின் நரம்பு முனையில் வெளிவருவதைத் தடுக்கும் போட்டுலினம் மருந்து முதலாவதை மட்டுமே தளர்த்தும். இடையில் வேறு ஏதேனும் சிகிச்சைக்காக அவருக்கு முழு மயக்கம் கொடுத்திருந்தால், அப்போது வாய் எளிதாகத் திறந்ததா என்று விசாரியுங்கள். திறந்திருந்தால் இறுக்கம் பெரும்பாலும் முதல் வகை என்று பொருள்; ஊசியால் நல்ல பலனை எதிர்பார்க்கலாம்.

ஊசி போட்ட சில நாட்களில் தளர்வு தெரியத் தொடங்கி, 2 முதல் 4 வாரங்களில் உச்சத்தைத் தொட்டு, ஏறத்தாழ 3 மாதங்களில் வடிந்துவிடும் என்பதால், அந்த இடைவெளியில் தாடையைக் கையால் நீவி நீட்டும் சிகிச்சை நடக்காவிட்டால் ஊசி பெரும்பாலும் வீண் என்பேன். பிசியோதெரபிஸ்டிடம் நேரில் கற்றுக்கொண்டபின் நீங்களே செய்யலாம். இளஞ்சூடான துணியால் ஒற்றடம் கொடுத்து, கன்ன எலும்பிலிருந்து தாடைக் கோணம் வரை மெதுவாக அழுத்தி நீவி, அவர் தாங்கும் அளவுக்குத் தாடையைக் கீழிறக்கி அரை நிமிடம் பிடித்திருங்கள். வெடுக்கென இழுத்தால் தசை இன்னும் இறுகும். பற்களுக்கிடையே விரலை மட்டும் வைக்காதீர்கள். பல்லில் எதுவும் பட்டவுடன் அனிச்சையாகக் கடிப்பது இந்த நோயாளிகளிடம் சாதாரணம், அதில் அவர் தவறு ஏதுமில்லை.

பெரியவர்களுக்கு வாய் இயல்பாக 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை திறக்கும். பழையபடி என்று நான் உறுதி கூற மாட்டேன். பல் துலக்கவும் கரண்டி நுழையவும் இடம் கிடைத்தாலே அவருடைய அன்றாடம் பெரிதும் மாறும்.

மருந்து அருகிலுள்ள தசைகளுக்குப் பரவி விழுங்குவதைப் பாதிக்கலாம் என்பதால், ஊசிக்கு முன்பே விழுங்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். தசைகள் எளிதில் சோர்ந்து பலமிழக்கும் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோய் இருந்தாலோ, ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்பட்டு வந்தாலோ முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஊசிக்குப்பின், சில வாரங்கள் கழித்தாயினும், புரையேறுதல், குரல் குழறுதல், மூச்சுத்திணறல் ஏற்பட்டால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.